ரெண்டு செக்கன் சுணக்கம்

விழா காலை ஒன்பது மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. எத்தாளைக் கரையில் ஒன்பது மணி என்றால் பத்தரை. பிரதம அதிதி வருகிற விழாவென்றால் அந்த ஒன்பதுக்கு அர்த்தமே கிடையாது. நேரத்துக்கு வந்து சேர்ந்தது சோளகக் காற்று ஒன்றுதான். விடியப் புறத்திலேயே எழும்பி, தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவிவிட்டு, வாடகைக் கதிரைகளில் நாலைந்தைக் கவிழ்த்துவிட்டு, பந்தல் முகப்பில் கட்டியிருந்த பெனருக்குள்ளே புகுந்து விளையாடத் தொடங்கிற்று. பெனரில் மீனவர் முன்னேற்றச் சங்கத் தலைவர் நளீம் ஹாஜியாரின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. காற்று பின்னால் தள்ளும்போது கன்னம் உப்பும். விடும்போது சப்பிப்போகும்.

கருவாட்டுப் பரணில் சூடை மீனைப் புரட்டிக்கொண்டிருந்த கைருன்னிஸா அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். பிறகு கடலை மட்டுமே பார்த்தாள்.

பெனரில் 'தேச வரலாற்றில் முதன்முறையாக மின்னூதி – டர்போ இரட்டை இணைப்புத் தொழில்நுட்பம் கரைக்கு அர்ப்பணிப்பு' என்று எழுதியிருந்தது. ஹாஜியாரின் தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு ரேஸ் கார் நின்றது. அர்ப்பணிக்கப்படவிருந்தது காரல்ல, துருப்பிடித்த பழைய ஜீப் ஒன்று. அதைச் செய்த றஊபின் பெயர் அடியில், அச்சகத்தின் போன் நம்பருக்கும் கீழே இருந்தது. கண்ணாடி போட்டவர்களுக்கு வாசிக்கலாம்.

றஊப் கைருன்னிஸாவின் புருஷன். கராஜ்காரன். அந்நேரம் அவன் அலைவாய்க்கரையில், போட் ஏறுகிற தடத்தில் உருளைக் கட்டைகளை வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாய் பாண் சாப்பிட்டுப் போங்களன்" என்று அவள் காலையில் கேட்டதற்கு, "போட் ஏறினாப் பொறகு" என்று மட்டும் சொல்லியிருந்தான். எந்தப் போட் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. விழாவில் ஏற்றிக் காட்டுவதற்கு ஹாஜியாருடைய மருமகனின் புதுப் போட், பூமாலையோடு, கரையோரம் தயாராகக் கிடந்தது. வெறும் போட். கடல் கண்டு ஒரு மாதம். றஊப் நினைத்தது அதை அல்ல.

அவன் நினைத்தது இரவே கடலுக்குப் போயிருந்த றிம்ஸானின் போட்டை. றிம்ஸான் கைருன்னிஸாவின் தம்பி. ரெண்டு மாதமாக மச்சானோடு பேச்சில்லை.

எல்லாம் ரெண்டு செக்கனால் வந்தது.

சோளகக் காலத்தில் இந்தக் கரையில் போட்டைக் கடலுக்குத் தள்ளுவது பெரிய காரியமல்ல. திரும்ப ஏற்றுவதுதான் காரியம். ஓர் அலையின் முதுகில் ஏறி, எஞ்சினை முழுதாக முறுக்கிக்கொண்டு வந்து, மணலில் மூக்கைக் குத்த வேண்டும். அந்த இடத்தில் முன்வளையத்தில் கயிற்றுக் கொழுக்கியை மாட்டி, அடுத்த அலை பின்னால் வந்து அடிப்பதற்குள் மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். பிந்தினால் அலை போட்டின் கீழிருந்து உருவிக்கொண்டு போய்விடும். போட் பக்கவாட்டில் சரியும். சரிந்த போட்டை அடுத்த அலை கவனித்துக்கொள்ளும்.

இழுக்க ஒரு காலத்தில் டிரெக்டர் இருந்தது. டிரெக்டர் சொன்னவுடன் இழுக்கும், ஆனால் மெல்ல இழுக்கும். அது ரெண்டு முழம் நகர்வதற்குள் அலை வந்துவிடும். அதற்காகத்தான் றஊப் தன் ஜீப்பில், கழித்த லொறி ஒன்றின் பெரிய டர்போவைப் பூட்டினான். ஜீப் யானை மாதிரி இழுத்தது. ஆனால் யானை எழும்ப நேரமெடுத்தது. டர்போ என்பது எஞ்சின் விடுகிற புகையிலேயே சுழன்று, எஞ்சினுக்கே காற்றை ஊதிக் கொடுக்கிற சாமான். புகை பலக்கும் வரை அது தூங்கும். அது ஊதும் வரை எஞ்சினுக்குப் பலமில்லை. பலமில்லாவிட்டால் புகையில்லை. அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் கடிதம் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் போய்வருவதைப் போன்ற விஷயம். முன்கூட்டியே எஞ்சினை அலறவிட்டுக் கிளட்சைத் தட்டினால் சில்லு மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கிற்று. ரெண்டு கிளட்ச் பிளேட் அப்படித்தான் கருகின.

"இப்பச் சுணங்காது, மச்சான். நம்பிக் கொழுவு" என்று அன்றைக்கு றஊப் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. றிம்ஸான் நம்பினான். கொழுக்கி மாட்டியாயிற்று. றஊப் மிதித்தான். ஜீப் யோசித்தது. அது யோசித்து முடித்து இழுத்தபோது போட் ஏற்கெனவே சரிந்து, அடிப்பக்கம் கல்லில் மோதி விரிந்து, கூட நின்ற இன்னாசிப்பிள்ளைக்குக் காறையெலும்பு முறிந்திருந்தது.

றிம்ஸான் ஈரச் சாரத்தோடு நின்றபடி, ஊரே கேட்கத்தக்கதாக ஒரு வசனம் சொன்னான்.

"அகதிட கயித்த நம்பினது என்ட பிழை."

தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது றஊபுக்கு ஆறு வயது. முப்பத்தைந்து வருஷம் இந்த மணலில் நடந்து, இங்கேயே பெண் எடுத்து, இந்தக் கரையின் எஞ்சின் அத்தனையையும் பழுது பார்த்தவனுக்கு அந்தச் சொல் ஒரு செக்கனில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. அவன் கராஜுக்குப் போய், ஜீப்பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு வீட்டில் மீன் ஆணம் அப்படியே சட்டியில் கிடந்தது.

பிறகு போனில் ரஷ்யக்காரன் ஒருவன் பேசுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். அவனுக்கு ரஷ்யப் பாஷை தெரியாது. கை காட்டுவது விளங்கியது. கடைசியில் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் நொறுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய, தேங்காய் அளவான ஒரு சாமானோடு வந்தான்.

"இதென்ன?"

"கரண்டுல ஊதுறது. டர்போ எழும்புற வரைக்கும் இது ஊதும். டர்போ எழும்பினா இது படுத்திரும்."

"அடுப்புக்கு ஊதாங்குழல் மாதிரி."

"ஒரு மாசமா அந்த ரஷ்யக்காரன் சொன்னது இதத்தான்" என்றான் றஊப்.

ஊதிக்கு நாற்பத்தெட்டு வோல்ட் வேண்டும். ஜீப்பில் பன்னிரண்டுதான். ஆகவே நாலு பெட்டரியை வரிசையாகக் கோர்த்து ஒரு மரப்பெட்டியில் வைத்து, சீற்றுக்குப் பின்னால் கட்டினார்கள். சார்ஜ் பண்ணுவது கைருன்னிஸாவின் பொறுப்பு. தினம் மீற்றரை வைத்துப் பார்த்து, அடுப்படிக் கதவின் பின்புறம் சோக்கால் எழுதுவாள். தஸ்பீஹ் மணி மாதிரி என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒன்று கழன்றாலும் நூல் அறுந்த கணக்கு. நாலும் நல்லாயிருந்தால்தான் ஊதி ஊதும்.

தென்னங்குற்றிகளை இழுத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் றஊப் மிதித்த பிறகு, பக்கத்தில் இருக்கிற கைருன்னிஸா 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று முழுதாகச் சொல்லி முடிக்கலாம். அதற்குப் பிறகுதான் ஜீப் எழும்பும். ஊதி பூட்டிய பிறகு 'பிஸ்மி' என்பதற்குள்ளே அவள் தலை பின்னால் போய்ச் சீற்றில் அடித்தது. தலையைத் தடவிக்கொண்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

செய்தி நளீம் ஹாஜியாருக்கு எட்டியது. எட்டிய மூன்றாம் நாள் அது சங்கத்தின் திட்டமாகிவிட்டது. திட்டத்துக்குச் சங்கம் கொடுத்தது பந்தலும் பெனரும்.

இன்றைக்கு விடிய நாலு பெட்டரியிலும் பன்னிரண்டு புள்ளி ஏழு. கதவில் எழுதிவிட்டுத்தான் அவள் கரைக்கு வந்தாள்.

பத்து மணிக்கு, பிரதம அதிதி பாலாவியைத் தாண்டிவிட்டார் என்று தகவல் வந்தது. பத்தரைக்கு, இன்னும் பாலாவிக்கு வரவில்லை என்று வந்தது. இடைப்பட்ட நேரத்தை நிரப்புவதற்காக நளீம் ஹாஜியார் வரவேற்புரையைத் தொடங்கினார். சுருக்கமாகப் பேசுகிறேன் என்று தொடங்கினார். அந்த வசனமே நாலு நிமிஷம் எடுத்தது.

"கண்ணியத்துக்குரிய உலமாக்களே, இன்னும் சற்று நேரத்தில் எம்மிடையே பிரசன்னமாகவுள்ள பிரதம அதிதி அவர்களே, விஞ்ஞானம் என்பது விண்ணைத் தொடுவது, ஆனால் எமது விஞ்ஞானமோ—"

கரண்ட் போயிற்று. எங்கேயோ தென்னோலை ஒன்று கம்பியில் விழுந்திருக்க வேண்டும். தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி தன்பாட்டில் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் விஞ்ஞானம் காற்றில் கரைந்தது. கரையில் அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கைருன்னிஸாவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. பத்து நிமிஷம் இருந்தது. பிறகு ஸ்பீக்கர் மறுபடி கரகரத்து, "விட்ட இடத்திலிருந்து தொடருகிறேன்" என்றது. கரண்ட் வந்துவிட்டதாக்கும் என்று எண்ணிக்கொண்டு அவள் அடுத்த பரணுக்குப் போனாள். மீன் வாடிக் கொட்டிலுக்குள்ளே ஐஸ்பெட்டியின் இரைச்சல் கேட்கவில்லை என்பது அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

பதினொன்றரைக்குக் கிட்ட, அலைகளின் வெள்ளை உடைப்புக்கு அப்பால் ஒரு நீலப் போட் தெரிந்தது. போட்டில் பாதிதான் தெரிந்தது. மீன் ஏற்றிய போட்டும் தாழும். ஆனால் மீன் ஏற்றிய போட் நேராகத் தாழும். இது ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது.

போன் அடித்தது.

"ராத்தா."

"தம்பி, என்னடா அது?"

"அடியில போட்ட ஒட்டு விட்டிட்டு. முழங்காலுக்குத் தண்ணி. இன்னாசி அண்ணன் அள்ளுறாரு, ஒரு கையால எவ்வளவுதான் அள்ளுற?"

"முனையச் சுத்திக் களப்புக்குள்ள போக ஏலாதா? அங்க அலை இல்லியே."

"ஒன்டரை மணித்தியாலம் ஓடணும். அவ்வளவுக்குப் போட் தாங்காது. இஞ்சதான் ஏறணும்." காற்று அவன் குரலைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது. பிறகு, கேட்க மனமில்லாதவனாக, "அவன்ட மிசின் வேலை செய்யுதா?" என்றான்.

அவன். மச்சான் என்ற சொல் ரெண்டு மாதமாக அந்த வாயில் வரவில்லை.

"செய்யுது. நான்தான் சார்ஜ் பண்ணின. கொழுவு, தம்பி" என்றாள் கைருன்னிஸா.

சொல்லிவிட்டு மீற்றரை எடுத்துக்கொண்டு ஜீப்படிக்கு ஓடினாள். றஊபும் போட்டைக் கண்டு அலைவாயிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் மரப்பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

பெட்டிக்குள்ளே மூன்று பெட்டரி இருந்தது. நாலாவது இருந்த இடம் தூசில்லாமல், சதுரமாக, துப்புரவாக இருந்தது.

"எமது சங்கம் இந்த இரட்டை இணைப்பின் மூலம் தாமதம் என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்கியுள்ளது" என்றது ஸ்பீக்கர்.

அவள் பந்தலுக்குப் பின்னால் போனாள். ஸ்பீக்கர்க்காரன் ரிப்கான் தன் பெட்டிகளின் நடுவே குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் நாலாவது பெட்டரி, ரெண்டு கவ்வி மாட்டி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இத ஆரு எடுக்கச் சொன்ன?"

"ஹாஜியார்தான். நாலு கிடக்கு, ஒன்ட எடு என்டாரு. மூணு இரிக்கிதானே, ராத்தா."

அவள் மீற்றரை வைத்தாள். பத்து புள்ளி மூன்று. முக்கால் மணித்தியாலப் பேச்சு அவ்வளவையும் குடித்திருந்தது. பேச்சுக்குப் பத்து வோல்ட் தாராளம். ஊதிக்குக் காணாது, ஒரு மூச்சு இழுத்தாலே செத்துவிடும்.

"உன்ட வண்டியில பெட்டரி?"

"ஆட்டோவுட சின்னது. அது ரோட்டுல நிக்கிது. எல்லார்ட வண்டியும் ரோட்டுலதான்."

ரோடு கால் மைல் மணலுக்கு அப்பால். அவள் திரும்பி வந்தபோது றஊப் வெறும் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். அவன் கையில் ஒட்டியிருந்த மணலைச் சாரத்தில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"இன்டைக்கும்" என்றான்.

"நான் அவனுக்குக் கொழுவச் சொல்லிட்டன்."

"என்னன்டு சொன்ன?"

"வேலை செய்யுது என்டு."

உடைப்புக்கு வெளியே நீலப் போட் ஓர் அலையை விட்டுக்கொடுத்துப் பின்வாங்கியது. றிம்ஸான் அலை எண்ணுகிறான். கைருன்னிஸா போனை எடுத்தாள். றஊப் அவள் கையைப் பிடித்தான்.

"சொல்லாத. பயந்தான்டா கை நடுங்கும். பயமில்லாம வரட்டும்."

"அன்டைக்கும் இப்படித்தானே சொன்னீங்க" என்றாள் அவள்.

அவன் கையை விட்டான்.

"தம்பி, பெட்டரி ஒன்ட எடுத்திட்டாங்க. ஊதி வேலை செய்யாது."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தமும், தண்ணீர் அள்ளுகிற தகரச் சத்தமும்.

"அப்ப சுணங்கும்."

"சுணங்கும்."

"எவ்வளவு?"

"பழையபடி. ரெண்டு செக்கன்."

"ம். அன்டைக்கு இத ஒருத்தர் சொல்லியிருந்தா…" என்று தொடங்கி விட்டுவிட்டான். "சரி, ராத்தா. இப்ப மூணு பெரிசு வரும். மூணாவதுல வாறன். வேற வழி இல்ல. இன்னாசி அண்ணன் களைச்சிட்டாரு. அவர்ட்டக் கேளுங்க, என்ன செய்யப் போறாரு என்டு."

அவரிடம், அதாவது றஊபிடம். அவன் என்பது அவராகியிருந்தது. அதைக் கவனிக்க அப்போது நேரமில்லை.

றஊப் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜீப்பின் பின் கொக்கியிலிருந்து அலைவாய் வரை நாற்பது பாகம் நீளமான நைலோன் கயிறு மணலில் தளர்வாக வளைந்து கிடந்தது. அதன் முனைக் கொழுக்கியைப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் ஆகிப் என்கிற இளம் தொழிலாளி நின்றான். கரையிலிருந்த மற்ற நாலைந்து தொழிலாளரும் உருளைக் கட்டையடிக்குப் போயிருந்தார்கள்.

"பாரம் வேணும்" என்றான் றஊப்.

"என்ன?"

"டர்போ எழும்பப் பாரம் வேணும். இழுக்க ஏதாச்சும் இரிந்தாத்தான் எஞ்சின் மூச்சுப் புடிக்கும், புகை பலக்கும். போட் வாறத்துக்கு முந்தியே எதையாவது இழுத்துக்கிட்டு நிக்கணும். போட் வந்தவுடன அத விட்டிரணும்."

"தென்னையில கட்டுவமா?"

"கட்டினா ஜீப் நின்டுபோகும், சில்லுத் தோண்டும். புடிக்கவும் வேணும், விட்டுக்குடுத்து வரவும் வேணும். மரம் வராது." அவன் நிமிர்ந்தான். "ஆளு வேணும், கைருன். முப்பது பேரு."

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பந்தலைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் மணம், மார்பில் பட்டுப் பூ. காலையிலிருந்து பொதிபோல உட்கார்ந்திருந்த சங்கத்தின் நிர்வாக சபையும் உப குழுக்களும்.

"நல்ல பாரம்" என்றாள் கைருன்னிஸா.

பெண்கள் மேடைப் பக்கம் வருவதில்லை என்று சங்கத்தின் கூட்டக் குறிப்பில் எங்கோ இருந்தது. அவள் கருவாட்டுக் கையோடு நேரே ஏறிப் போனாள். நளீம் ஹாஜியார் அந்நேரம் கடல்வழி வாணிபத்தின் பொற்காலத்தில் இருந்தார். அவரை அங்கிருந்து இறக்க அவளுக்கு ஒரு வசனம்தான் ஆனது.

"ஹாஜியார், மைக்கத் தாங்க. போட் தாழுது."

"மகள், நிகழ்ச்சி நிரல்ல—"

"நிரல்ல இல்ல. கடல்ல."

அவர் கை தானாகவே மைக்கை விட்டது. இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டரியின் கடைசி வோல்ட்டுகளில் அவள் குரல் கரை முழுதும் கேட்டது.

"எல்லாரும் எழும்புங்க. சப்பாத்தக் கழட்டுங்க. ஜீப்புக்குப் பின்னால கயிறு கிடக்கு, போய்ப் புடிங்க. இழுக்கிறது மேட்டுப் பக்கம் இல்ல. கடல் பக்கம். ஜீப் முன்னுக்குப் போகும், நீங்க போகவிடாமப் பின்னுக்கு இழுக்கணும். நான் விடச் சொன்னா உடன விடணும். விளங்கினா ஓடுங்க. விளங்காட்டியும் ஓடுங்க."

அவர்களுக்கு விளங்கியது. முன்னேறப் போகிற ஒன்றைப் பின்னுக்கு இழுப்பதில் சங்கத்துக்கு நீண்ட அனுபவம் இருந்தது. முப்பது வெள்ளைச் சட்டைகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. ஹாஜியார் தலைவர் என்ற முறையில் முதல் ஆளாக நின்றார்.

முதல் அலை வந்து உடைந்தது. நுரை கட்டைகளைத் தாண்டிப் போயிற்று. றஊப் ஜீப்புக்குள் ஏறி, கதவைச் சாத்தாமல், கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். அவள் மைக் கம்பியின் முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு பந்தல் விளிம்புக்கு வந்து நின்றாள். அங்கிருந்து போட்டும் தெரிந்தது, கயிறும் தெரிந்தது, புருஷனின் தலையும் தெரிந்தது.

இரண்டாவது அலை. நீலப் போட் அதை விட்டது. மூன்றாவது அதற்குப் பின்னால் எழும்பி, போட்டைப் பின்பக்கமாகத் தூக்கியது. இன்னாசிப்பிள்ளை தகரத்தை எறிந்துவிட்டு முன்னுக்கு ஊர்ந்து வந்து குப்புறப் படுப்பது தெரிந்தது. றிம்ஸான் எழும்பி நின்றான்.

"மிதிங்க" என்றாள்.

ஜீப் உறுமிற்று. அலறவில்லை. உறுமி, கயிற்றை இறுக்கி, நின்றது. முப்பது பேரின் குதிகாலும் மணலில் இறங்கிற்று. பிஸ்மில்லாஹிர், என்றாள் அவள் மனதுக்குள். ஜீப் முன்னுக்கு ஒரு சாண் போனது. முப்பது பேரும் ஒரு சாண் வந்தார்கள். ரஹ்மானிர். புகைக் குழாயில் கறுப்பு கக்கிற்று. ரஹீம். எஞ்சினின் குரலுக்கு மேலே மெல்லியதாக இன்னொரு குரல், கேத்தல் கொதித்துச் சீழ்க்கை அடிப்பது போல, எழும்பியது. டர்போ. அவளுக்கு அந்தக் குரல் தெரியும். வெள்ளைச் சட்டைகள் இப்போது உழவு மாடுகளைப் போல் மணலைக் கீறிக்கொண்டு இழுபட்டு வந்தன. யாரோ ஒருவர் கலிமாச் சொன்னார்.

போட் அலையிலிருந்து இறங்கி மணலில் மூக்கைக் குத்திற்று. இன்னாசிப்பிள்ளை நல்ல கையை நீட்டினார். ஆகிப் கொழுக்கியைத் தூக்கினான். தவறிற்று. அலை உருவத் தொடங்கியது. போட்டின் பின்பக்கம், ரெண்டு மாதத்துக்கு முன்பு சாய்ந்த அதே பக்கமாகச் சாய்ந்தது.

கொழுக்கி விழுந்தது. வளையத்தில் விழுந்தது.

"விடுங்க."

இருபத்தொன்பது பேர் விட்டார்கள். கயிறு மணலிலிருந்து பாம்பாக எழும்பி நேராயிற்று. சுணக்கம் என்ற ஒன்று இருக்கவேயில்லை. போட் கழுத்தில் பிடித்துத் தூக்கியதுபோல் எழும்பி, தண்ணீரும் மீனும் ரெண்டு மனுஷரும் உட்பட, கட்டைகளின் மேலே தடதடவென்று மேட்டுக்கு ஓடிற்று. அடுத்த அலை வந்து, போட் இருந்த இடத்தில் வெறும் மணலில் விழுந்தது.

மிஞ்சிய ஆள் நளீம் ஹாஜியார். அவர் விடவில்லை. தலைமைப் பதவி எதையுமே சுலபத்தில் விட்டுப் பழக்கமில்லாதவர், மூன்று பாகத் தூரம் வயிற்றால் சறுக்கிப் போய், ஜீப்பின் பின் சில்லுக்குக் கிட்டத்தான் கையை எடுத்தார். மார்பில் இருந்த பட்டுப் பூ மட்டும் எப்படியோ கசங்கவில்லை. சங்கம் நிறுவப்பட்டதிலிருந்து கரைக்குச் செய்த முதல் சேவை அதுதான். பாரமாக இருந்தது.

றிம்ஸான் போட்டிலிருந்து குதித்தான். குனிந்து, போட்டின் அடியில் விட்டுப்போன ஒட்டைப் பார்த்தான். இன்னாசிப்பிள்ளை போட்டுக்குள்ளேயே மல்லாந்து கிடந்து, "ரெண்டாந்தரமும் என்ர எலும்ப முறிக்கப் பாத்தியள், விடமாட்டன்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

றஊப் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. ஸ்டீரிங்கில் ரெண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சினை நிறுத்தவும் மறந்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரதம அதிதியின் வாகனம் ரோட்டில் வந்து நின்றது. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் சுணக்கம். ஹாஜியார் எழும்பினார். முகத்தில் மணலும், முன்பக்கம் முழுதும் ஈரமுமாக, மேடைக்கு ஏறினார். மைக்கை கைருன்னிஸாவின் கையிலிருந்து மரியாதையாக வாங்கினார்.

"இப்பொழுது நீங்கள் எல்லோரும் கண்கூடாகக் கண்டது, எமது சங்கத்தின் இரட்டை இணைப்புத் தொழில்நுட்பம். ஒரு செக்கன்தானும் தாமதமின்றி—"

அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் போனாள். ரிப்கான் எழும்பி வழி விட்டான். பெட்டரியின் முன் குந்தினாள்.

"ராத்தா."

றிம்ஸான். ஈரச் சாரம் சொட்டச் சொட்ட நின்றான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"போய் பிளேன்டீ குடி. வாடியில பாணும் சம்பலும் மூடி வச்சிரிக்கன். உன்ட பங்கும் இரிக்கி."

"இது ஆர்ட?"

"ஜீப்புட நாலாவது பெட்டரி."

அவன் பெட்டரியைப் பார்த்தான். பந்தலுக்கு மேலால் கட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிற்று. அவன் முகத்தில் வந்தது சிரிப்பா வேறேதுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பாரம். நீங்க தனியத் தூக்காதீங்க" என்று குனிந்து ஒரு பக்கக் கைபிடியைப் பிடித்தான். "மச்சான்ட்டக் கொண்டு போய்க் குடுப்பம். புடிங்க."

மச்சான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவன் வெட்கப்படுவான். கவ்வி ரெண்டையும் பிடுங்கினாள். மற்றக் கைபிடியைப் பிடித்து, பாரமான எதையும் தூக்கும்போது சொல்வதுபோல், வாய்விட்டுச் சொன்னாள்.

"பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்."

தூக்கிக்கொண்டு பந்தலின் பக்கவாட்டால் ரெண்டு பேரும் ஜீப்பை நோக்கி நடந்தார்கள். ஸ்பீக்கர் அடங்கிப் போயிருந்தது. அவள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் மேடையில் நளீம் ஹாஜியாரின் உதடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன.